நுண்ணுயிர் தின்னாத மிச்சம்

தாராவியில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஒரு தலைமுறை நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிலில்தான் முதலில் கால் ஊன்றினார்கள். அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் பெருமையைச் சொல்வார்கள். பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டே நாளில் நாறிப்போகும். பட்டைச் சாற்றில் ஊறி எழுந்த தோலோ செருப்பாகவும் பையாகவும் பல்லாண்டு உழைக்கும். பட்டையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிர்கள் அதைத் தின்ன முடியாதபடி செய்துவிடுகிறது என்பதே காரணம்.

சரி, தோலில் ஏறாமல் மிஞ்சிய டானின் எங்கே போகிறது? சாக்கடைக்குப் போகிறது. அங்கேயும் நுண்ணுயிர்கள் அதைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கின்றன! தோலைக் காத்த அதே குணம் தண்ணீரைச் சுத்தம் செய்ய வருபவருக்குத் தலைவலி. இந்தத் தலைவலிக்கு வேதியியல் கண்டுபிடித்த மருந்தைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளும், சொசைட்டிக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களும் சேர்ந்து படிக்கலாம். பெரியவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது. அது பணம் சம்பந்தப்பட்டது.

பாக்டீரியா செய்வதும் செய்யாததும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்றவுடன் ஏதோ மருந்து கலக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெரிய மாட்டுத் தொழுவம் மாதிரி. மாட்டுக்குப் பதில் கோடானுகோடி பாக்டீரியாக்கள். தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை கழிவிலுள்ள சோறு, எண்ணெய், மலம், சோப்பு முதலியவற்றைத் தின்று பெருகி, கரியமில வாயுவை வெளிவிட்டு, கடைசியில் சேறாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது தெளிந்த நீர். இவ்வளவு மலிவாக வேலை செய்யும் கூலியாள் உலகத்தில் வேறில்லை.

தண்ணீரில் எவ்வளவு கரிமப் பொருள் இருக்கிறது என்பதை அளக்க இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று பி.ஓ.டி.: நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. நம் நாட்டு முறைப்படி 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளப்பார்கள். (குளிர்நாடுகளின் பழைய முறை 20 டிகிரியில் ஐந்து நாள்.) மற்றொன்று சி.ஓ.டி.: பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, ஏறக்குறைய எல்லாக் கரிமப் பொருளையும் எரித்து அளப்பது. டைகுரோமேட்டுக்குப் பிடித்தது பிடிக்காதது என்று எதுவும் கிடையாது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரில் சி.ஓ.டி. 400, 500 மில்லிகிராம் வரை இருக்கும். நன்றாக நடக்கும் நிலையத்திலிருந்து வெளிவரும்போது பி.ஓ.டி. பத்துக்கும் கீழே போய்விடும், ஆனால் சி.ஓ.டி. 50, 60 என்று நின்றுகொண்டிருக்கும். அந்த மிச்சம் நுண்ணுயிர் சீந்தாத சரக்கு: துணிச் சாயம், டானின், சில மருந்துகள், சில சோப்புப் பொருள்கள், மக்கிய இலை தழைகளின் பழுப்புச் சாறு. நாம் விழுங்கும் வலி மாத்திரையில் ஒரு பங்கு அப்படியே சிறுநீரில் வெளியேறி இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது.

புளியிலிருந்து தொடங்கிய கதை

ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜில் 1870களில் ஒரு வினோதத்தைக் கவனித்தார். டார்டாரிக் அமிலத்தோடு (நம் புளிக்குப் புளிப்பைத் தருவது இதுதான்) கொஞ்சம் இரும்பு உப்பும் ஹைடிரஜன் பெராக்சைடும் சேர்ந்தபோது வேதிவினை விறுவிறுவென்று நடந்தது. பெராக்சைடு மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. இரும்பு மட்டும் இருந்தாலும் நடக்காது. இரண்டும் கூடினால்தான். 1894இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஏன் அப்படி என்பது அவருக்குத் தெரியவில்லை.

விடையை 1934இல் சொன்னவர்கள் ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும். செம்பூர்க்காரர்களுக்கு ஹேபரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலையில் காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கும் முறை அவர் கண்டதுதான். இரும்பு அயனி பெராக்சைடு மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. அப்போது ஹைடிராக்சில் தனி உறுப்பு என்ற ஒன்று பிறக்கிறது என்றார்கள் இருவரும்.

தனி உறுப்பு என்றால் என்ன? எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருப்பதையே விரும்புபவை. ஹைடிராக்சிலில் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கிறது. அது எதிரில் வரும் எந்த மூலக்கூறிலிருந்தாவது ஓர் எலக்ட்ரானையோ ஹைடிரஜன் அணுவையோ பிடுங்கிக்கொண்டால்தான் அடங்கும். பறிகொடுத்த மூலக்கூறு நிலைகுலைந்து, கரையும் ஆக்சிஜனோடு சேர்ந்து, உடைந்து, மேலும் உடைந்து போகிறது. ஆக்சிஜனேற்றும் வல்லமையை வோல்ட் கணக்கில் சொல்வார்கள். குளோரினுக்கு 1.36, பெராக்சைடுக்கு 1.78, ஓசோனுக்கு 2.07. ஹைடிராக்சிலுக்கோ 2.8! அதற்கு மேலே ஃபுளூரின்தான் இருக்கிறது. அதைத் தண்ணீரில் விட யாரும் துணியமாட்டார்கள்.

இன்னொரு விசேஷம், இது பிறந்து ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட உயிரோடு இருப்பதில்லை. பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைத் தாக்கிவிட்டு மறைந்துவிடும். ஆகவே இதைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், தண்ணீருக்குள்ளேயே பிறப்பிக்க வேண்டும். இப்படிப் பிறப்பிக்கும் முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள்’ என்ற பெயர் 1980களில் நிலைத்தது.

ஃபென்டன் முறை இவற்றில் எளியது. தொட்டியும் கலக்கியும் போதும். ஆனால் தண்ணீரின் பி.எச். 3 அளவுக்கு அமிலமாக இருந்தால்தான் நன்றாக நடக்கும். முதலில் அமிலம் ஊற்ற வேண்டும், பிறகு அதை நடுநிலையாக்கக் காரம் சேர்க்க வேண்டும், கடைசியில் துருப்பிடித்த இரும்புச் சேறு மிஞ்சும். சாயப்பட்டறை, மருந்துத் தொழிற்சாலை போன்ற கனமான கழிவுக்கு இது சரி. ஒரு நகரத்தின் தண்ணீருக்கு ஒத்துவராது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் நெல் உமியிலிருந்து செய்த கரியின் மேல் இந்த வினையை நடத்திப் பார்த்தார்கள். கரி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள, தனி உறுப்பு அங்கேயே அதைத் தாக்குகிறது. ஆவாரம்பட்டைக்கு உமியே மருந்து!

ஓசோனோடு பெராக்சைடைச் சேர்ப்பது இன்னொரு வழி. பெராக்சைடு கலந்த நீரின்மேல் 254 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவது மற்றொன்று. ஒளி பெராக்சைடை நேர்பாதியாகப் பிளந்து இரண்டு ஹைடிராக்சிலைத் தரும். ஆனால் நீர் கலங்கியிருந்தால் ஒளி உள்ளே போகாது.

நம் பேட்டையிலேயே

மாட்டுங்காவில் நாம் காய்கறி வாங்கும் தெருக்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி, யு.டி.சி.டி. என்று பெயர் பெற்று, 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி அடைந்து இன்று ஐ.சி.டி. என்று வழங்கும் நிறுவனம். அங்கே பேராசிரியர் அனிருத்த பண்டிட், பராக் கோகடே முதலியோர் பல ஆண்டுகளாக வேறொரு வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். குழாயின் நடுவே ஒரு குறுகிய துளையை வைத்து நீரை வேகமாகச் செலுத்தினால், துளையைத் தாண்டும் இடத்தில் அழுத்தம் சரிந்து நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றும். சற்றுத் தள்ளி அழுத்தம் மீண்டதும் குமிழிகள் படீரென்று நொறுங்கும். நொறுங்கும் அந்தப் புள்ளியில், கண் இமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு, ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பம் எழும். தண்ணீரே பிளந்து ஹைடிராக்சில் பிறக்கும். பம்புக்குள் இப்படிக் குமிழி நொறுங்கினால் இறக்கை அரித்துப் போகும் என்று மெக்கானிக்குகள் திட்டுவார்களே, அதே சமாச்சாரம்தான். கேட்டைப் பயனாக்கியிருக்கிறார்கள். தனியாக விட இதோடு கொஞ்சம் பெராக்சைடோ ஓசோனோ சேர்க்கும்போது பலன் கூடுகிறது என்பதும் அவர்கள் கண்டதே.

செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். காமாக் கதிரோ வேகமான எலக்ட்ரான் கற்றையோ தண்ணீரில் பாய்ந்தாலும் ஹைடிராக்சில் பிறக்கும். இந்த மையத்தின் முறைப்படி வதோதராவில் 1990களில் கோபால்ட்-60 கதிரைக் கொண்டு கழிவுநீர்ச் சேற்றிலுள்ள நோய்க்கிருமிகளை அழிக்கும் நிலையம் நடந்தது. 2019இல் அகமதாபாத்தில் உலர்ந்த சேற்றுக்கு ஒரு பெரிய நிலையம் வந்தது. சேற்றை எருவாகப் போடலாம். (கதிர் பட்டதால் சேறு கதிரியக்கமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கோபால்ட் கதிருக்கு அந்தச் சக்தி இல்லை.) தென்கொரியாவின் டேகு நகரில் 2005இல் சாயக் கழிவுநீர் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டரை எலக்ட்ரான் கற்றையால் சுத்தம் செய்யும் நிலையம் எழுந்தது.

ஆனால் தினசரி வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமானது ஆர்.சி.எஃப். நிலையம். அம்மோனியா, யூரியா செய்யத் தண்ணீர் ஏராளம் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மாநகராட்சி முதலில் கை வைப்பது தொழிற்சாலைக் குழாயில்தான். ஆகவே 2000ஆம் ஆண்டளவில் அவர்கள் நம் வீட்டுச் சாக்கடை நீரையே வாங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு உள்ளே போவது 2 கோடியே 27½ லட்சம் லிட்டர். தொழிற்சாலைக்குக் கிடைப்பது சுமார் 1½ கோடி லிட்டர். முதலில் பாக்டீரியா, பிறகு மணல் வடிகட்டி, கடைசியில் எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது நம் சமையலறையிலுள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் பெரியண்ணன். குடிக்கத் தகுந்த ஏரித் தண்ணீர் அவ்வளவும் நகர மக்களுக்கு மிச்சம். இதைவிட நல்ல காரியம் செம்பூரில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஆர்.ஓ. சவ்வு எதையும் அழிப்பதில்லை. ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். நல்ல நீர் ஒரு பக்கம் போக, டானினும் சாயமும் உப்பும் மறுபக்கம் மூன்று நான்கு மடங்கு செறிந்து நிற்கும். கடலோர நகரம் அதைக் கடலில் விட முடிகிறது. திருப்பூருக்குக் கடல் இல்லை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயநீரால் பாழானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அங்கே உறவுக்காரர் உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தபின், சவ்வு ஒதுக்கிய நீரைக் காய்ச்சி உப்பை மீட்க வேண்டியதாயிற்று. அதில் கரிமப் பொருள் இருந்தால் உப்பு பழுப்பாகிப் பயன்படாது; சவ்வும் அடைத்துக்கொள்ளும். ஓசோனுக்கு அங்கே இடம் கிடைத்தது இப்படித்தான்.

மஞ்சள் கறை படிந்த வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை மறைவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து மஞ்சளின் நிறம் தரும் பகுதியை உடைக்கின்றன. நிறம் போய்விட்டது, ஆனால் உடைந்த துண்டுகள்? அவை துணியில்தான் இருந்தன, துவைக்கும்போது போயிருக்கும். சாயநீரிலும் இதே கதை. நிறம் போவது எளிது. ஓசோன் பட்ட சில நிமிஷங்களில் சிவப்பு நீர் வெளுத்துவிடும். பார்க்க வருபவர்கள் கை தட்டுவார்கள். அதே நீரின் சி.ஓ.டி.யை அளந்தால் பாதிகூடக் குறைந்திருக்காது. கண்ணை நம்பாமல் சோதனைச் சாலைச் சீட்டை நம்பவேண்டிய இடம் இது.

செலவுக் கணக்கு

பெராக்சைடு 34 கிராம் தரும் ஆக்சிஜன் 16 கிராம். ஆகவே 1 கிராம் சி.ஓ.டி.யை முழுவதும் எரிக்க, ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். இதனால்தான் சாக்கடை நீரை நேராக இந்த முறைக்கு அனுப்புவது மடத்தனம். பாக்டீரியா இலவசமாகத் தின்னும் 450 மில்லிகிராமை விலைக்கு வாங்கிய பெராக்சைடால் எரிப்பானேன்? முதலில் அவை தின்னட்டும். அவை விட்டதை மட்டும் இது கவனிக்கட்டும்.

அதையும் முழுக்க எரிக்க வேண்டியதில்லை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராக்கி வருகிறது. 2002இல் அங்கே வந்த புதிய நிலையத்தில் ஓசோன் பெரிய மூலக்கூறுகளைத் துண்டுபோடுகிறது. பின்னால் உள்ள கரிப் படுகையில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தத் துண்டுகளைத் தின்கின்றன. தேங்காயை உடைத்துக் கொடுத்தால் குழந்தையும் தின்னும் அல்லவா? கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் 2008 முதல் ஆர்.ஓ.வுக்குப் பிறகு, ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சாத நீரில், சவ்வையும் ஏமாற்றி நுழையும் சில சின்னஞ்சிறு நச்சுகளுக்காக மட்டும் புறஊதா ஒளியும் பெராக்சைடும் வைத்திருக்கிறார்கள். 2023இல் அதன் அளவு நாளொன்றுக்கு 49 கோடி லிட்டராக உயர்ந்தது. நீர் நிலத்தடிக்குப் போய்க் குடிநீராகத் திரும்புகிறது.

மும்பைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஓதம் ஏறும்போது கழியோரச் சாக்கடைகளில் கடல்நீர் கசிந்து கலக்கிறது. உப்பிலுள்ள குளோரைடும், தண்ணீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டும் ஹைடிராக்சிலைத் தாங்களே பிடித்துக்கொண்டு வீணாக்கும். கடல்நீரின் புரோமைடு ஓசோனோடு சேர்ந்தால் புரோமேட் என்னும் புது நச்சும் உண்டாகலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே வேறு ஊரில் வெற்றி பெற்ற இயந்திரம் மாகிம் கழியோரம் அப்படியே வெற்றி பெறும் என்று நினைக்க வேண்டாம்.

இனி கமிட்டிப் பெரியவர்களுக்கு. புதிய கட்டடங்களில் சுத்திகரிப்பு நிலையம் வைத்து, அந்த நீரைக் கழிப்பறைக்குத் திருப்புகிறோம். அது பழுப்பாக வருகிறது, நாறுகிறது என்று மேல்மாடி மாமி புகார் செய்வார். உடனே ஒரு விற்பனையாளர் ஓசோன் இயந்திரத்தோடு வருவார். 200 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 1,35,000 லிட்டர். அவர் காட்டுவது மணிக்கு 10 கிராம் ஓசோன் தரும் இயந்திரம் என்று கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் 240 கிராம், லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் விழும். ஒரு மில்லிகிராம் சி.ஓ.டி.க்கு இரண்டு மில்லிகிராம் ஓசோன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 80 ஆக இருந்த சி.ஓ.டி. 79 ஆகும். நாற்றம் கொஞ்சம் குறையலாம். கரிமப் பொருள் குறைந்தது என்று சொல்ல முடியாது.

பழுப்புக்கும் நாற்றத்துக்கும் முக்கால்வாசி நேரங்களில் காரணம் வேறு. கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துவிடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ஓசோன் வாங்குவது வீண்செலவு. மோட்டார் ஒழுங்காக ஓடிய பிறகும் நிறம் மிஞ்சினால், ஓசோனுக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரின் சி.ஓ.டி. சீட்டை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மிஞ்சிய ஓசோனை அழிக்கும் கருவி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பேஸ்மென்ட் அறையில் அது கசிந்தால் வேலை பார்க்கும் தம்பியின் நுரையீரலைத்தான் முதலில் பிடிக்கும்; பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு ஓசோன் என்பதே வேலையிடத்துக்கான எல்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு கணக்கு. மும்பையில் ஏழு புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது; எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர். அவற்றுள் தாராவி நிலையத்தின் அளவு 41.8 கோடி லிட்டர். வெளிவரும் நீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 50 மில்லிகிராம் மிஞ்சுவதாகக் கொள்க. அதை முழுவதும் பெராக்சைடால் எரிக்க, 50 சதவீதக் கரைசல் ஏற்றிய 10 டன் டேங்கர் லாரிகள் தினமும் எத்தனை வேண்டும்?

விடை: மிச்சமுள்ள சி.ஓ.டி. 20,900 கிலோ. தூய பெராக்சைடு சுமார் 44,400 கிலோ. 50 சதவீதக் கரைசலாக சுமார் 89 டன். ஒன்பது லாரிகள்.